மாடி அறைக்கு வந்த முதல் விருந்தாளி

வீட்டில் ஓர் அறையை வெளியூர்க்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடப்போகிறீர்களா? என் பக்கத்து வீட்டு பானுப்பிரியா பட்ட பாட்டைக் கேட்டுவிட்டு அப்புறம் இறங்குங்கள். மூன்று நாளும் கூடவே இருந்து பார்த்தவள் நான்.

பானுப்பிரியாவுக்கு எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் குழாய்களுக்குள் வெடிமருந்து செலுத்தும் வேலை. பதினோரு வருஷம். போன மாசியில் அவள் தண்ணீர் குடிக்க வெளியே வந்த நேரத்தில், உள்ளே ஒருத்தி மருந்தைக் கைதவறவிட்டதில் அவர்கள் வேலை செய்யும் அறை வெடித்தது. உள்ளே இருந்த அவள் கூட்டாளி சின்னத்தாய் போய்ச் சேர்ந்தாள். அன்றிலிருந்து பானுப்பிரியா வேலைக்குப் போகவில்லை. இப்போது ஆடி, ஆலையைத் திறந்துவிட்டார்கள். திங்கட்கிழமை முதல் வருகிறாளா இல்லையா என்று ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் சொல்லச் சொல்லியிருந்தார் போர்மேன். அதற்குள் மாடி அறைக்கு வரும் முதல் ஆள் நாலு நல்ல வார்த்தை எழுதிவிட்டால், அதையே பிழைப்பாக்கிக்கொண்டு ஆலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாம் என்று நினைத்திருந்தாள். அறையைப் படம் பிடித்து, வாடகை அறை தேடுகிறவர்கள் பார்க்கும் செல்போன் செயலியில் ஏற்றியவள் மதுரையில் படிக்கும் மகள் இசைவாணி.

வெள்ளிக்கிழமை வந்தார் சுகிர்தா. கோயம்புத்தூரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். கடைக்குக் கேலண்டர் அடிக்க சாம்பிள் பார்க்க வந்திருந்தார்.

"அம்மா, அவங்க கூப்பிட்டா மட்டும் மேல போ" என்று இசைவாணி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். இவள் முதல் நாளே ஏழு தடவை ஏறினாள். தண்ணி வேணுமா, மெத்தை சரியா இருக்கா, சாப்பிட்டீகளா. ஏழாவது தடவை துவையல் கிண்ணத்தோடு போனாள். சுகிர்தா அதை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திய வேகம் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது.

"ஏன்டி, வந்திருக்கது விருந்தாளியா, கைதியா?" என்றேன்.

"கைய வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியலக்கா" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் கொசுவத்தி கொளுத்தத் தீப்பெட்டி கேட்டார் சுகிர்தா. ஊருக்கெல்லாம் தீப்பெட்டி செய்து அனுப்புகிற இடத்தில் அந்த அறைக்குள் ஒரு குச்சி கிடையாது. இவளே போய்க் கொளுத்தி, எரிந்த குச்சியைத் தண்ணீரில் முக்கி, பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு இறங்கினாள். மாடிப்படிக்குக் கீழே ஒரு வாளித் தண்ணீரும் நனைத்த சாக்கும் வைத்திருந்தாள். ஆலைப் பழக்கம். சாக்கு காய்ந்துவிட்டதா என்று நாழிகைக்கு ஒரு தரம் தொட்டுப் பார்ப்பாள்.

ஞாயிறு மதியம் நானும் அவளும் கீழே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். மேலே 'டம்'மென்று ஒரு சத்தம். நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவள் சாக்கோடு பாதிப் படி ஏறிவிட்டாள். கதவைத் தட்டினாள், பதில் இல்லை. இடுப்பில் இருந்த மாற்றுச் சாவியால் திறந்து உள்ளே பாய்ந்தாள். நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது, தரையில் கிடந்த எதையோ ஈரச் சாக்கால் அறைந்துகொண்டிருந்தாள். பீரோ மேலிருந்து சரிந்து விழுந்த கேலண்டர் கட்டு அது. எல்லாம் சாம்பிள். சாயம் ஊறித் தரையில் ஓடியது.

குளியலறையிலிருந்து முகத்தில் சோப்போடு வந்தார் சுகிர்தா. "யாரைக் கேட்டுங்க உள்ள வந்தீங்க?"

பானுப்பிரியா சாக்கைப் போட்டுவிட்டு அவரிடம் ஓடினாள். அவர் இரண்டு கையையும் பிடித்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். குனிந்து காலைப் பார்த்தாள். "ஒண்ணும் படலையே? ஒண்ணும் படலையே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சுகிர்தா கையை உதறிக்கொண்டார். எனக்கு அவர் மேல் கோபமாக வந்தது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்பது வேறு விஷயம்.

மூன்று மணிக்கு அவர் கிளம்பிவிட்டார். ஐந்து மணிக்கு அவர் எழுதியது வந்தது. இசைவாணி போனில் வாசித்தாள்: "சுத்தமான அறை, நல்ல சாப்பாடு. ஆனால் தனிமை என்பதே கிடையாது. சொல்லாமல் கதவைத் திறந்து உள்ளே வருகிறார்கள். என் பொருட்கள் பாழாயின. இரண்டு நட்சத்திரம்." ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

பானுப்பிரியாவின் புருஷன் முனியராஜ், லாரிக்கு லோடு ஏற்றுகிறவர், தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஆறு மணிக்கு போர்மேன் கூப்பிட்டார். இனி என்ன, போய்த்தான் ஆக வேண்டும் என்று நானும் முடிவுகட்டியிருந்தேன். ஆறுதல் சொல்ல வாயைத் திறக்கப் போனேன்.

"நான் வரலண்ணே. வேற ஆளப் பாத்துக்கோங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள் பானுப்பிரியா.

"கிறுக்கு புடிச்சிருச்சா? இம்புட்டு மோசமா எழுதின பெறகு மாடிக்கு எவன் வருவான்?" என்றார் முனியராஜ்.

"ஒரு காயிதக் கட்டு விழுந்ததுக்கே எனக்கு இன்னும் ஒடம்பு ஆடுது. அங்கன நான் எப்புடி ஒக்காருவேன்? இங்கன தப்புப் பண்ணா ரெண்டு ஸ்டாரு போடுறாக. அங்கன சின்னத்தாய் ஒரு தப்பும் பண்ணல. பண்ணுனது பக்கத்துல இருந்தவ, போனது சின்னத்தாய் உசிரு."

அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மேலே போனாள். ஈரத்தைத் தள்ளும் சத்தம் வெகுநேரம் கேட்டது.