முருகையா அண்ணாந்து பார்க்காத ஆறு மாதம்

கோல சிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டிய முருகையாவுக்குக் கடிகாரம் தேவைப்பட்டதில்லை. சுபாங் விமான நிலையத்திலிருந்து கிளம்பும் விமானங்களே போதும். கண்ணைக் கட்டிவிட்டாலும் சத்தத்தை வைத்து இன்ன விமானம் என்று சொல்லிவிடுவார். ஃபோக்கர் போனால் கோழி மட்டும் தலையைத் தூக்குமாம். போயிங் போனால் நாய் குரைக்குமாம். ஜம்போ போனால், லயத்து வரிசையில் கடைசி வீட்டு இராஜம்மாவின் பொய்ப்பல் தம்ளருக்குள் தானாகவே மெல்லுமாம். இராஜம்மா இதை மறுத்ததேயில்லை.

நாட்டு விமானக் கம்பெனியின் வரலாறும் அவர் வரலாறும் ஒன்றாகவே ஓடின. சிங்கப்பூரோடு இருந்த கூட்டைப் பிரித்துக்கொண்டு, வாலில் வாவ் என்ற மலாய்க் காற்றாடிப் பட்டத்தின் சிவப்புப் படத்தோடு கம்பெனி தனியாகப் பறக்கத் தொடங்கிய வருடம் அவர் லோரி லைசென்ஸ் எடுத்தார். மகள் கலாவதி மூன்றாம் வகுப்புக்குப் போனபோது மூன்று எஞ்சின் டிசி டென் வந்தது. அவள் சமைந்த வருடம் ஜம்போ. சடங்கு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை எச்சில் கையோடு வெளியே கூட்டிப் போய் வானத்தைக் காட்டினார். ஒரே பிள்ளை. லோரியின் முன்சீட்டில் அவளை நிற்கவைத்து, "அது என்னா, சொல்லு!" என்று கேட்டுக் கேட்டே வளர்த்தார்.

எண்பத்தேழாம் ஆண்டு மே மாதம் அவளுக்கு லண்டனிலிருந்து கடிதம் வந்தது. தாதிப் பயிற்சி, மூன்று வருடம். விண்ணப்பப் பாரத்தை நிரப்பிக் கொடுத்தவர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி கனகலிங்கம். முருகையாவிடம் யாரும் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

"போனா, அப்பன் செத்துட்டான்னு நெனச்சிக்க" என்றார்.

"ஏரோப்ளேன காட்டுனது நீங்கதானப்பா? பாக்கலாம், ஏறக்கூடாதா?"

முருகையா மகளோடு பேச்சை நிறுத்தினார். அன்றோடு அண்ணாந்து பார்ப்பதையும் நிறுத்தினார். தலைக்கு மேல் ஜம்போ போனால் லோரியின் டயரைப் பார்ப்பார். விமானச் செய்தி வந்த பேப்பரை மீன் சுற்றக் கொடுத்தார். ஆறு மாதம் அப்படியே போனது.

நவம்பரில் அவள் கிளம்பும் நாளும் வந்தது. அந்த ஆறு மாதமும் புருஷனோடு நேராகப் பேசாத அவர் மனைவி சின்னத்தாய், "சாயங்காலம் ஆறு மணிக்கு ப்ளேன். கிராணி ஐயா காடியில போறோம்" என்று அடுப்பிடம் சொன்னாள். கலாவதி காலில் விழ வந்தாள். அவர் லோரிச் சாவியை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

ஆலை வாசலில் செம்பனைக் குலை இறக்க வரிசையில் நின்றபோது மணி நாலரை. முன்சீட்டின் ரெக்சின் ஓரிடத்தில் கிழிந்திருந்தது. அவள் நின்று நின்று கிழிந்த இடம். முருகையா கியரை மாற்றினார், வரிசையிலிருந்து லோரியை உருவினார்.

மூன்று டன் குலையோடு, சுபாங் போகும் சாலையில் ஈஜோக்கைத் தாண்டினார். வளைவுகளில் குலைகள் உருண்டு விழுந்தன. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனிலேயே அவருடைய ஏழு தலைமுறையையும் திட்டினான். சுங்கை பூலோவில் ரயில் கேட் மூடிக் கிடந்தது. "தொறடா, சாமி, தொறடா" என்று ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டார். போனாப் போவுது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காலில் விழ வந்தவள் தலையில் கை வைத்திருக்கலாம்.

விமான நிலைய வாசலில் லோரியைப் போட்டுவிட்டு, காவலாளி கத்தக் கத்த, மாடியில் வழியனுப்புவோர் நிற்கும் இடத்துக்கு ஓடினார். ஒரே கூட்டம். கீழே, இடது கோடியில் ஒரு ஜம்போ நின்றது. வெள்ளை உடம்பு, சிவப்புப் பட்டை, வாலில் சிவப்புப் பட்டம். அவருக்கு உயிர் வந்தது. நம்ம ஜம்போ! தலைத்துண்டை அவிழ்த்தார், கம்பியில் ஏறினார்.

"கலா! அப்பா வந்துட்டேன்டி! போய்ட்டு வா கண்ணு! நல்லபடியா போய்ட்டு வா!"

ஆறு மாதமாகத் தொண்டையில் கிடந்ததெல்லாம் வந்தது. மன்னிப்பும் கேட்டார். பக்கத்தில் நின்ற மலாய்க்காரக் கிழவர் அவருக்காகத் தானும் கையாட்டினார்.

யாரோ அவர் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார்கள். சின்னத்தாய்.

"என்னாங்க, எங்க கையாட்டுறீங்க?"

"புள்ளைக்கு!"

கனகலிங்கம் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "முருகையா, அது நாளைக்குப் போற பிளேன். லண்டன் பிளேன் மற்றப் பக்கம் நிக்குது. புது நிறம் அடிச்சு ஒரு மாதமாகுது, நீ பேப்பர் பாக்கேல்லையோ?"

முருகையா திரும்பினார். வலது கோடியில் இன்னொரு ஜம்போ. சிவப்போடு நீலமும் சேர்ந்த பட்டை, வாலில் பாதி நீலமான பட்டம், புது மாதிரி எழுத்து. கம்பியில் ஏறும்போது கண்ணில் பட்டதுதான். எந்த ஊர் விமானமோ என்று விட்டுவிட்டார். அது இப்போது நகர்ந்துகொண்டிருந்தது.

கூட்டத்தை இடித்துக்கொண்டு கம்பி ஓரமாக ஓடினார். "கலா! கலா!" துண்டு எங்கோ விழுந்துவிட்டது. கோடியை எட்டியபோது விமானம் ஓடுபாதையின் அந்தப் பக்கம் போய்விட்டிருந்தது. பிறகு எழும்பியது. மேகத்தில் நீலம் முதலில் மறைந்தது, பிறகு சிவப்பு.

சின்னத்தாய் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உள்ள போறப்ப புள்ள சொல்லுச்சு. ஜன்னலோரம் எடம் கேட்டு வாங்கியிருக்கேன், அப்பா வந்தா கைகாட்டச் சொல்லும்மான்னு."

முருகையா கம்பியை விடவில்லை. "எந்தப் பக்கத்து ஜன்னல்?"

"அது தெரியலங்க."

"இந்தப் பக்கமா இருந்தா?" என்றார். "எம் முதுகத்தானே பாத்துருக்கும்?"

வாசலில் நிற்கும் குலை லோரியை எடுக்கச் சொல்லி ஒலிபெருக்கி மூன்று மொழிகளில் கூப்பிட்டது. அவர் அண்ணாந்து பார்த்தபடியே நின்றார்.