இரண்டாம் மாடியில் நின்ற கூடை

அலெக்ஸாண்ட்ரியா துறைமுகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கிரேன் ஓட்டியவன் நான். கப்பலிலிருந்து லாரிக்கும் லாரியிலிருந்து கப்பலுக்குமாக, ஒரு குடும்பமே குடியிருக்கக்கூடிய அளவுப் பெட்டிகளைத் தூக்கி வைத்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் தொழிலை விடவில்லை. என்ன, பெட்டி கொஞ்சம் சிறுத்துப்போய்விட்டது. இப்போது எங்கள் வீட்டு நான்காம் மாடிப் பால்கனியிலிருந்து ஓர் ஈச்சங்கூடையைத் தெருவில் இறக்கி, ரொட்டியும் வெங்காயமும் பாலாடைக்கட்டியும் ஏற்றுகிறேன்.

பெயர் பஸ்யூனி. துறைமுகத்தில் உஸ்தா பஸ்யூனி, அதாவது பஸ்யூனி மேஸ்திரி என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். தெருவிலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் எதிர்க்கடை ஷஹாத்தா அந்த 'உஸ்தா'வைச் சொல்லும்போது மட்டும் அவன் மீசைக்கடியில் ஏதோ நெளிகிற மாதிரி இருக்கும்.

எங்கள் அன்ஃபூஷித் தெருவில் கூடை இல்லாத பால்கனி இல்லை. எங்கள் கட்டட லிப்ட் நின்றுபோய் எத்தனையோ ரமலான் கடந்துவிட்டது. வீட்டுக்காரி மேலேயிருந்து வேண்டியதைக் கத்திச் சொல்வாள், கடைக்காரன் கூடையில் போடுவான், மேலே இழுத்துக்கொள்ள வேண்டியதுதான். குழந்தைகூடச் செய்கிற வேலை. அதை நான் ஓர் இலாகாவாகவே ஆக்கிவிட்டேன். கயிற்றை வேறு யாரும் தொடக்கூடாது. கனமானது அடியில், முட்டை மேலே, ரொட்டிக்குத் துணி. இழுப்பதற்கு முன் விரலை நனைத்துக் காற்று பார்ப்பேன். பிறகு துறைமுகத்துத் தோல் கையுறையை மாட்டிக்கொள்வேன்.

"ஒரு கட்டு கொத்தமல்லிக்குக் கையுறையா?" என்று என் மனைவி இன்ஸாஃப் கேட்பாள். கயிற்றை மதிக்காதவர்களின் கதி என்ன என்று அவளுக்கு விளக்கத் தொடங்குவேன். முடிப்பதற்குள் அவள் அடுப்படிக்குப் போயிருப்பாள்.

இன்ஸாஃபுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டது. மாடிப்படி இறங்கி வெகுகாலம் ஆகிறது. அவளுக்கு உலகம் என்பது அந்தப் பால்கனியும், இரண்டாம் மாடிப் பால்கனியில் இருக்கும் தவ்ஹீதாவும்தான். தவ்ஹீதா தனியாக இருக்கும் விதவை. அவளுக்கும் அதே முழங்கால்தான். காலையில் இவள் இங்கே நாற்காலி போட்டுக் கீழே குனிவாள், அவள் அங்கே நாற்காலி போட்டு அண்ணாந்து பார்ப்பாள். நடுவில் மூன்றாம் மாடிக்காரர்கள் குவைத்தில் இருக்கிறார்கள். அதனால் தெருவுக்கே கேட்கும்படி, ஆனால் இரகசியமாக, இருவரும் பேசிக்கொள்வார்கள். என் கூடை மேலே வரும்போது தவ்ஹீதா அதை நிறுத்தி இரண்டு எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள்வாள், பதிலுக்கு ஒரு கிண்ணம் ஊறுகாய் வைத்து அனுப்புவாள். துறைமுகத்தில் சுங்க அதிகாரிகளைச் சகித்துக்கொண்ட பழக்கத்தில் இதையும் நான் சகித்துக்கொண்டேன்.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு ஓட்டை. என் வலது கண். கோடையிலிருந்தே அதில் பால் ஊற்றிய மாதிரி ஒரு திரை. இடது கண்ணும் பெரிய வீரன் இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கத்தி வைப்பார்கள். அதைவிட மோசம், கயிற்றை வாங்கிவிடுவார்கள். கண் எதற்கு, கைக்கே எடை தெரியும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் வாழ்நாளில் நான் சொன்ன அபத்தங்களில் அது முதல் வரிசையில் நிற்கும்.

கெய்ரோவில் இருக்கும் எங்கள் மகள் ரிஹாம் நவம்பரில் ஒரு காரியம் செய்தாள். ஒரு பெரிய கடையில் போனிலேயே ஒரு மாதச் சாமான் ஆர்டர் போட்டுவிட்டு, "ஆள் வீட்டு வாசல்வரை கொண்டாந்து குடுத்துடுவான் பாபா, நீங்க இனிமே கயித்தோட மல்லுக்கட்ட வேண்டாம்" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். எனக்கு என்னவோ வேலைநீக்க உத்தரவை வாசித்துக் காட்டியதைப்போல இருந்தது.

சாமான் வந்த அன்று, மீன்பிடிக்கிறவர்கள் துடைப்பம் என்று பெயர் வைத்திருக்கும் காற்று. கடலிலிருந்து கிளம்பித் தெருவையே பெருக்கிக்கொண்டு போகும் காற்று. துறைமுகமாக இருந்தால் கிரேனை நிறுத்திவிட்டு இறங்கிப்போய்த் தேநீர் குடித்திருப்பேன். ஆனால் பைக்கில் வந்த ஆள் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் திரும்புவதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. ஏறாதே, எல்லாவற்றையும் கூடையில் வை என்று கத்தினேன். அவனுக்கென்ன, நான்கு மாடி மிச்சம். அரிசி, எண்ணெய், சர்க்கரை, தஹினி என்கிற எள் விழுது, கரும்புப் பாகு ஜாடி எல்லாவற்றையும் ஒரே நடையில் அடுக்கினான். பெரிய கடைக்கு நான் யாரென்று காட்ட வேண்டும் என்பது என் எண்ணம். பெரிய கடையின் சார்பில் பார்த்துக்கொண்டிருந்தது அந்த ஒருவன்தான்.

கூடை ஆடத் தொடங்கியது. கைக்குத் தெரிந்தது, மனசு கேட்கவில்லை. இரண்டாம் மாடியில் தவ்ஹீதாவின் துணிக்கொடிக் கம்பம் என் கண்ணுக்குப் படவே இல்லை. இத்தாலியிலிருந்து மகன் வருகிறான் என்று வீட்டிலிருந்த வெள்ளை விரிப்புகளையெல்லாம் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். கூடை கம்பத்தில் இடித்துக் கணீரென்று ஒரு சத்தம். பாகு ஜாடி உடைந்து, மேல்கொடி விரிப்பிலிருந்து கீழ்க்கொடித் தலையணை உறைகள்வரை நிதானமாக, ஒன்றையும் விடாமல் வழிந்தது.

தவ்ஹீதா வெளியே வந்து பார்த்தாள். பிறகு அண்ணாந்து என்னைப் பார்த்தாள். அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான் கையுறையோடு கம்பியில் சாய்ந்து, தெருவுக்கே கேட்கும்படி, "கிரேன் போற வழியில எவளாவது துணி காயப்போடுவாளா?" என்றேன்.

தெரு சிரித்தது. ஷஹாத்தா சிரித்தான். பைக்கில் வந்தவனும் சிரித்தான். தவ்ஹீதா உள்ளே போய் மரக்கதவுகளைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் புது விரிப்புகள் வாங்கிக்கொண்டு இரண்டாம் மாடிக்கு இறங்கிப் போனேன். கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"விரிப்பு இருக்கட்டும் உஸ்தா. பாகு துவைச்சாப் போயிடும். தெருவே சிரிச்சுதே, அது எதுல போகும்?"

கொண்டுபோனதை அப்படியே தூக்கிக்கொண்டு படியேறினேன். விரிப்புகளை இன்னமும் எங்கள் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறோம்.

அதற்குப் பிறகு எங்கள் பால்கனிக் கதவு கிறீச்சிட்டாலே கீழே அவளுடைய மரக்கதவு சாத்தப்படும். இன்ஸாஃப் என்னைத் திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். அவள் திட்டவில்லை. கயிற்றைச் சுருட்டி வெங்காயம் தொங்கும் ஆணியில் மாட்டினாள், அவ்வளவுதான். சாமான் வாசலுக்கே வந்தது. மணி அடிக்கும், ஆள் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பான், ஒரு குவளை தண்ணீர் கொடுத்து அனுப்புவோம். எனக்கும் இன்ஸாஃபுக்கும் பேச்செல்லாம் "அரிசி வந்துச்சு", "பருப்பு வந்துச்சு" என்பதோடு சரி.

இன்ஸாஃபுக்குப் பேச்சுத்துணை இல்லாத குறையை நானே தீர்த்து வைக்கலாம் என்று முயன்றேன். பக்கத்தில் உட்கார்ந்து, நார்வேக் கப்பலில் கொக்கி சிக்கிக்கொண்ட கதையைச் சொன்னேன். பாதிக் கப்பலிலேயே தூங்கிவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். என்னோடு மட்டும் அடைபட்டுக் கிடப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நானும் என்னோடுதானே இருக்கிறேன்.

ஒரு காலை அவள் வழக்கம்போல நாற்காலியையும் காப்பித் தட்டையும் எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். தட்டில் இரண்டு கோப்பை. ஒன்று தவ்ஹீதாவுக்குக் கூடையில் கீழே இறங்குகிற கோப்பை. பழக்கதோஷத்தில் ஊற்றியிருக்கிறாள். சாத்தியிருந்த கதவைக் கொஞ்சநேரம் குனிந்து பார்த்துவிட்டு, இரண்டையும் அவளே குடித்தாள். ஒரு பாகு ஜாடியை உடைத்ததோடு நிற்காமல், இவளுக்கு இருந்த ஒரே வாசலையும் அடைத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

காற்றில்லாத ஒரு நாள் பார்த்து, இன்ஸாஃப் அடுப்படியில் இருக்கும்போது, ஆணியிலிருந்து கயிற்றை எடுத்தேன். கையுறை போடவில்லை. கூடையை இறக்கி, அரிசியும் எலுமிச்சம்பழமும் சர்க்கரையும் போடச் சொன்னேன். கரும்புப் பாகும் ஒரு ஜாடி கேட்டேன். ஷஹாத்தா ஒரு கணம் மேலே பார்த்துவிட்டுப் போட்டான். அன்றைய சம்பவத்துக்குப் பிறகு கயிற்றில் இரண்டாம் மாடி உயரத்துக்கு அடையாளமாக ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன். முடிச்சு கைக்கு வந்ததும் நிறுத்தினேன். கூடை தவ்ஹீதாவின் மரக்கதவுக்கு நேராக நின்றது. நின்றது என்றுதான் நம்புகிறேன், எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பழுப்புநிறக் கலங்கல்.

அன்று எந்தக் குரலில் கத்தினேனோ அதே குரலில், தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

"தவ்ஹீதா, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. வலது கண்ணு கோடையிலேர்ந்தே அவிஞ்சு கெடக்கு. உங்க கம்பம் இருந்த எடத்துலதான் இருந்துச்சு. நாந்தான் குருட்டுத்தனமா இழுத்தேன், உங்க மேலயே பழியும் போட்டேன். தொறமொகத்துல சைகை காட்ட ஆள் இல்லாம கிரேன் அசையக்கூடாது. நீங்க கை காட்டினா கூடை மேல வரும். இல்லன்னா இங்கயே நிக்கும்."

சொல்லி முடித்ததும் கயிறு போனது போனதுதான் என்று நினைத்துக்கொண்டேன். இந்தத் தெருவில் ஒரு விஷயம் சொன்னால் மத்தியானத்துக்குள் கெய்ரோவில் என் மகளுக்குத் தெரிந்துவிடும். கீழே யாரும் சிரிக்கவில்லை. மரக்கதவும் திறக்கவில்லை. அரிசி நேரம் ஆக ஆகக் கனக்கும் பொருள் என்று அன்று கற்றுக்கொண்டேன்.

"கயித்தக் கம்பியில கட்டிடுங்க உஸ்தா, கை போயிடும்" என்றான் ஷஹாத்தா. இந்த முறை மீசைக்கடியில் ஒன்றும் நெளியவில்லை. கட்டமாட்டேன் என்றேன். கட்டினால் அது கிரேன் இல்லை, துணிக்கொடி.

என் சத்தம் கேட்டு இன்ஸாஃப் வந்து நின்றாள். அடுப்படியிலிருந்து எல்லாம் கேட்டிருக்கிறது.

"எந்தக் கண்ணு?"

"வலது."

"கோடையிலேர்ந்தா?"

"ஆமா."

அடிக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அதற்குள் கீழே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என்ன பண்ணுகிறாள் பார் என்று கெஞ்சினேன். இன்ஸாஃப் கம்பியில் சாய்ந்து, வெகுநேரம் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையக் காட்டறா."

"என்ன கை?"

"நில்லுங்கறா."

நின்றுகொண்டுதானே இருக்கிறேன் என்று வாயெடுத்தேன். கீழேயிருந்து தவ்ஹீதாவின் குரல் வந்தது. எனக்கு இல்லை.

"இளைச்சுட்டியேடி இன்ஸாஃப்."

"இந்த மனுஷனோட மட்டும் பேசிக்கிட்டுக் கெடந்தா இளைக்காம என்ன செய்வாங்க?"

தவ்ஹீதா சிரித்தாள், தெருவும் சிரித்தது. என்னைப் பார்த்துத்தான் தெரு சிரிக்கிறது என்று தெரிந்தும் அன்றைக்கு அது எனக்கு இனிப்பாக இருந்தது. பிறகு இத்தாலி மகன் வந்துபோன கதை ஆரம்பித்தது. அவன் எதைச் சாப்பிட்டான், எதைத் தொடவில்லை, அங்கே ஒருத்தியைப் பார்த்து வைத்திருக்கிறானாம், அவள் பூண்டே சேர்க்கமாட்டாளாம். இன்ஸாஃப் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். இத்தனை நாள் பேச்சும் அணை உடைந்து கொட்டியது. என் தோள் எரிந்தது. உள்ளங்கையைக் கயிறு அறுத்தது. கையுறை ஏன் வேண்டும் என்று அவளுக்கு விளக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது, ஆனால் நடுவில் பேசும் தைரியம் எனக்கு இல்லை.

பூண்டுக் கதை முடிந்து வரப்போகிற மருமகளின் அப்பா கதை தொடங்கியபோது, மெதுவாக, கை இறங்கிவிட்டதா என்று பார்க்கச் சொன்னேன்.

இன்ஸாஃப் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "இன்னும் எறங்கல. பேசாமப் புடிங்க."

பிடித்தேன். கீழேயிருந்து ஷஹாத்தா வாயைக் குவித்துக் கத்தினான்.

"உஸ்தா, அவங்க கை எப்பவோ எறங்கியாச்சு. நாற்காலி போட்டு ஒக்காந்துட்டாங்க."

எனக்குக் கண்தான் போயிருந்தது, காது நன்றாகவே கேட்டது. கேட்காத மாதிரி முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு, கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.