பக்கத்து வீட்டுக் கடன்

அம்பிகை ரீச்சர் இறுப்பிட்டி என்ற தீவுக் கிராமத்துக்கு வந்த புதிதில் பிரம்பால்தான் கணக்குப் படிப்பித்தார். பிள்ளைகள் அழுதார்களே தவிர, கழித்தல் வரவில்லை. பிரம்பை எறிந்துவிட்டு, இலக்கம் போதாவிட்டால் பக்கத்து வீட்டில் கடன் வாங்கும் கதையைக் கட்டினார். பிறகு தீவில் மற்ற ஆசிரியர்களும் அப்படியே படிப்பித்தார்கள்.

இப்போது வகுப்பில் நான்கே பிள்ளைகள். நூறில் ஒன்றைக் கழிக்கச் சொன்னார்.

"பக்கத்து வீட்டில ஒருத்தரும் இல்லை ரீச்சர், கனடாவுக்குப் போயிட்டினம்," என்றாள் துஷாந்தினி.

"அதுக்கு அடுத்த வீடு?"

"அங்க ஒராள்தான். உங்களை மாதிரி."

"ஓம் பிள்ளை, அவவிட்ட வாங்கு."

"வாங்கினா அந்த வீடும் பூச்சியமாப் போயிடுமே!"

ஓய்வு பெற்றதும் லண்டனுக்கு வரச்சொல்லி மகன் டிக்கெட் போட்டுவிட்டான். ரீச்சர் அதைப் பிள்ளைகளிடம் இன்னும் சொல்லவில்லை.