காசின் மேல் போட்டிருக்கும் மதிப்பு

மோகேலே இருபத்தாறு வருடம் தபால் நிலையத்தில் ஒரு கண்ணாடி அலமாரியைக் காத்தார். தீவின் பெயரால் வெளிநாட்டில் அடிக்கப்படும் வெள்ளிக் காசுகளில் வகைக்கு ஒன்று அதில் இருந்தது. ஒரு பக்கம் ராணியின் தலை, தீவின் பெயர். மறுபக்கம் கார்ட்டூன் வாத்து, விண்வெளிக் கப்பல், ஏதோ ஒரு கம்பெனியின் சின்னம். தீவில் யாரும் அவற்றைக் கொடுத்து ஒரு தீப்பெட்டிகூட வாங்கியதில்லை. பாய்மரப் படகில் வரும் வெள்ளைக்காரர்கள் அலமாரியைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

"இது பிள்ளைங்க விளையாடுற காசா?"

"எங்க நாட்டுப் பணம். மேல என்ன போட்டிருக்கோ அதுதான் மதிப்பு. சட்டம் அப்படி."

சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டுதான் இதைச் சொல்வார்.

சேப்பங்கிழங்கும் டின் இறைச்சியும் எப்போது சாப்பிட்டாலும் பக்கத்தில் குளிர்பான பாட்டில் இருக்க வேண்டும் அவருக்கு. சர்க்கரை நோய் முற்றி ஆக்லாந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர், இடது காலை முழங்காலுக்குக் கீழே விட்டுவிட்டுத் திரும்பினார். அலுவலகம் அவருக்கு ஓய்வு கொடுத்து, இருப்பிலிருந்து ஒரு காசைப் பெட்டியில் வைத்துப் பரிசளித்தது. அதே குளிர்பானத்தின் மூடி போல நெளிந்த விளிம்பு. சிவப்புப் பூச்சில் கம்பெனியின் பெயர்.

மனைவி மனோகியின் சித்தப்பா மகன் ஃபலானி, தேவாலயச் சபையின் மூப்பர், அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"காலைத் தின்னது பாட்டில், மச்சான். மூடியையாவது திருப்பிக் கொடுத்தாங்களே."

ஓய்வு விருந்துக்கு வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மோகேலேயும் சிரித்தார். மனோகி பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மே மாதக் காணிக்கையன்று ஒவ்வொரு வீட்டின் தொகையையும் சபையில் உரக்கப் படிப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் எல்லோரும் ஒரே குரலில் நன்றி சொல்வார்கள். ஆக்லாந்துச் செலவு எல்லாவற்றையும் துடைத்துப் போட்ட வருடத்தில் மனோகி பேரில் பதிந்திருந்த அவர்கள் வீடு நாலு டாலரோடு எல்லோரையும்விடக் கீழே வந்தது. அன்றிலிருந்து அவள் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். மறு வருடம் அவள் வயிற்றில் கட்டி வந்தது.

"இந்த மே மாசத்துக்கு அப்புறம் இன்னொன்னு எனக்கு இல்லைங்க," என்றாள். "ஒரு தடவை முன்னால உக்காந்து என் பேரைக் கேட்டுட்டுப் போறேன்."

மூடிக் காசு வெளிநாட்டில் காசு சேர்ப்பவர்களிடம் முந்நூற்றைம்பது டாலருக்குப் போகிறது என்று விலைப்பட்டியலில் பார்த்திருந்தார் மோகேலே. அதை உறையில் போட்டார். வெள்ளை உடுப்பைத் தேய்த்து, தொப்பி வைத்து, மனோகி முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"மனோகி வீடு," என்று ஃபலானி உறையைப் பிரித்தார். காசைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். "ஒரு டாலர்."

நன்றி வரவில்லை. பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி முன்வரைக்கும் வந்தது. மோகேலே அக்குள் கட்டையை ஊன்றி எழுந்தார்.

"அது வெள்ளி, ஃபலானி. முந்நூற்றைம்பது போகும்."

"இருபத்தாறு வருஷமா நீங்கதானே சொன்னீங்க, மச்சான்? மேல என்ன போட்டிருக்கோ அதுதான் மதிப்புன்னு. நான் போட்டிருக்கிறதைப் படிச்சேன். உக்காருங்க, இருக்கிற காலும் வலிக்கப் போகுது."

மனோகி தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள். வீடு வரும்வரை அதைத் தூக்கவில்லை. ஜூன் கடைசியில் இறந்தாள். தீவு வழக்கப்படி வீட்டுக்கு முன்னால், சாலையோரத்திலேயே புதைத்தார்கள்.

ஆகஸ்டில் பாய்மரப் படகில் வந்த வெள்ளைக்காரன் ஒருவன் அந்தக் காசைக் காட்டி, மூப்பரிடம் வாங்கியதாகச் சொன்னான். மோகேலே கட்டையோடு ஃபலானி வீட்டுக்கு நடந்தார். ஃபலானி மரமேறும் தேங்காய் நண்டின் காலை உடைத்துக்கொண்டிருந்தார்.

"காணிக்கைப் பெட்டியில என் சொந்த டாலரைப் போட்டுட்டுத்தான் அதை எடுத்தேன். சபைக்கு ஒரு சென்ட் குறையல. எது தப்புன்னு சொல்லுங்க."

ஃபலானி நண்டில் ஒரு துண்டை அவர் பக்கம் நீட்டினார்.

அடுத்த மே மாதம், மனோகி உட்கார்ந்த அதே முதல் பெஞ்சில் மோகேலே இருந்தார். ஃபலானி தன் வீட்டுத் தொகையைக் கடைசியில் வைத்துக்கொண்டு, நிறுத்திப் படித்தார்.

"முந்நூற்றைம்பது டாலர்."

சபை ஒரே குரலில் நன்றி சொன்னது. சொல்லி முடித்த பிறகுதான், அதில் தன் குரலும் இருந்தது மோகேலேவுக்குத் தெரிந்தது.