கதைக்காத சாடி

மார்கழி பிறந்தால் எனக்குத் தொலைபேசி வரும். இந்த முறை பிரான்சிலிருந்து ஒரு பெறாமகள். "பெரியம்மா, வீட்டிலை வைன் போடுறது எப்பிடி? உங்களுக்குத் தெரியாததே?"

மதுவரிக் கந்தோரில் முப்பது வருடம் எழுதுவினைஞராக இருந்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா? ஒரு துளிகூட வாயில் வைத்ததில்லை. கைப்பற்றிய பொருள், அளவு, முத்திரை, பகுப்பாய்வுக்கு அனுப்பிய திகதி என்று எழுதி எழுதியே வடிப்பு, புளிப்பு எல்லாம் கற்றுக்கொண்டேன். ஓய்வுபெற்று ஏழு வருடமாகியும் அந்த அறிவுதான் ஓய்வுபெற மாட்டேன் என்கிறது. பிள்ளைக்குச் சொன்னேன்: பழத்தைக் கழுவாதே, தோலிலுள்ள வெள்ளைப் படிவு இருக்கட்டும், அதுதான் பொங்கவைக்கும். சாடியின் வாயை இறுக்காதே. பொங்கி முடியாமல் போத்தலில் அடைக்காதே. அடைத்தால் வெடிக்கும்.

வெடிக்கும் என்பது கோப்புகளில் படித்ததல்ல. அதை நான் ஒன்பது வயதிலேயே பார்த்துவிட்டேன்.

அப்போது சண்டிலிப்பாயில் இருந்தோம். அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடு இருந்தார். முந்திய வருடம் மாமி பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனவர், திரும்பி வரவில்லை. பிள்ளையும் வரவில்லை. செத்தவீட்டில் மாமா கொள்ளிக்குடத்தைத் தூக்கிக்கொண்டு நேராக நடந்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. "கல்லு மாதிரி நிக்கிறான், ஆம்பிளை எண்டால் இப்பிடியெல்லோ இருக்கவேணும்" என்று பெரியவர்கள் மெச்சினார்கள். பெண்கள் அதே கல்லை வேறு விதமாகச் சொன்னார்கள்: கல்நெஞ்சன். எட்டாம் நாள் செலவுச் சடங்கு முடிந்ததும் அம்மா அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டா. எங்கள் புகையிலைத் தோட்டத்தையும் முந்திரிகைப் பந்தலையும், அதாவது திராட்சைக் கொடிகளையும், அவர்தான் பார்த்தார். பின்னேரங்களில் கள்ளுத் தவறணைக்குப் போகவும் தொடங்கினார்.

அப்பா கோயில் சபையின் செயலாளர். அவருடைய மைத்துனர் தவறணை வாங்கில் உட்கார்ந்து குடிக்கிறார் என்ற செய்தி, மாமா வீடு வந்து சேர முதலே வந்து சேர்ந்துவிடும். வந்த மாமா அறைக்குள் போய் அழுவார். ஏங்கி ஏங்கி, மாமியின் பெயரைச் சொல்லி அழுவார். "வெறியிலை அழுகிறான், விடுங்கோ" என்பா அம்மா. குடிவெறி என்று சொன்னால் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் விளங்கியது. அதற்குமேல் யாரும் விசாரிக்கவில்லை.

தவறணைக்குப் போவதை நிறுத்தும்படி அப்பா சொன்னார். மாமா சொல்லுக் கேட்டார். அந்த வருடம் மழை பிந்திப் பெய்து, முந்திரிகைப்பழம் வெடித்து, வாங்க ஆளில்லாமல் பந்தலிலேயே கிடந்தது. மாமா கறுத்த பழமாக இரண்டு ஓலைக் கடகம் நிறையப் பிடுங்கி, கையால் பிசைந்து, பனங்கட்டி கரைத்து, ஊறுகாய்ச் சாடியில் ஊற்றித் தன் அறைக் கட்டிலின் கீழே வைத்தார். அது அம்மாவுக்கு உடம்புக்கு நல்ல சாறு என்று அப்பாவுக்குச் சொல்லப்பட்டது. அப்பா நம்பியதாகக் காட்டிக்கொண்டார்.

மூன்றாம் நாள் மாமா என்னைக் கூப்பிட்டார். "இஞ்சை வா பிள்ளை, காதை வைச்சுப் பார்."

சாடிக்குள் ஆயிரம் பேர் குசுகுசுப்பது போல இருந்தது.

"கதைக்குதே?"

"ஓம் மாமா, கதைக்குது. என்ன சொல்லுது?"

"அது எனக்கும் உனக்கும் மட்டும்" என்றார். மாமி செத்த பிறகு அவர் சிரித்ததை நான் முதன்முதலில் பார்த்தது அப்போதுதான். பிறகு தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இரண்டு பேரும் கட்டிலின் கீழே தலையை நுழைத்துச் சாடி கதைப்பதைக் கேட்போம்.

சாடி கதைத்து முடிக்கப் பொறுக்காமல் மாமா அதைப் போத்தல்களில் வார்த்து, தக்கை அடித்து, மெழுகும் ஊற்றினார். நடைமுறைப்படி பார்த்தால் அது வெடிகுண்டு தயாரிக்கும் முறை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கோயில் சபைக் கூட்டம் எங்கள் விறாந்தையில் நடந்தது. தேர்த்திருவிழா உபயகாரர் பட்டியலை அப்பா வாசித்துக்கொண்டிருந்தபோது முதலாவது போத்தல் வெடித்தது.

"என்னது சத்தம்?" என்றார் சபைத் தலைவர்.

"தேங்காய் விழுகுது" என்றார் அப்பா.

இரண்டாவது வெடித்தது.

"செயலாளர், தென்னை அறைக்குள்ளையோ நிக்குது?"

மூன்றாவதும் வெடித்தது. கதவின் கீழால் சிவப்பாக ஒரு ஓடை வந்து, தலைவரின் செருப்பு வரைக்கும் போய் நின்றது. வாசனைக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அன்று அப்பா சத்தம் போடவில்லை. அதனால்தான் எல்லாரும் பயந்தோம். மாமாவைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "உன்ரை தம்பியின்ரை வெறியை இனி ஒருக்கால் இந்த வீட்டிலை கேட்டன் எண்டால், அடுத்த நாள் காலமை பஸ்ஸிலை கிளிநொச்சிக்கு. எங்கடை காட்டுக்காணி கிடக்குது. அங்கை போய் மரத்துக்கு முன்னாலை அழட்டும்."

கிளிநொச்சிக் காணியில் ஒரு கொட்டிலும் பாம்பும் நுளம்பும் மட்டும்தான் இருந்தன. மாமா அங்கே போனால் திரும்ப மாட்டார் என்று எனக்குத் தோன்றியது. ஆஸ்பத்திரிக்குப் போன மாமி திரும்பவில்லையே.

ஒரு மாதம் மாமா ஒன்றும் குடிக்கவில்லை. ஒன்றும் கதைக்கவுமில்லை, சோறும் பாதிதான். கடைசியில் அம்மாவே பொறுக்காமல் சாடியைக் கழுவிக் கொடுத்தா. "போத்தல் வேண்டாம். சாடியிலையே கிடக்கட்டும். ஆனால் தம்பி, அழுகிற சத்தம் மட்டும் வெளியிலை கேக்கக்கூடாது, சொல்லிப்போட்டன்."

மாமா பந்தலில் மிஞ்சிய பழத்தைப் பிசைந்து ஊற்றினார். அன்று நான் ஒரு முடிவு எடுத்தேன்.

எங்கள் வளவில் பனை சீவ வரும் சீவல்காரர் பாளையில் கட்டும் சில முட்டிகளின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசுவார். ஏன் என்று ஒருநாள் கேட்டிருந்தேன். "பூசினால் இனிக்கிற கருப்பநீர், பூசாட்டிக் கள்ளு. சுண்ணாம்பு பட்டால் வெறி வராது பிள்ளை. நீங்கள் காலமை குடிக்கிறது பூசினது" என்றார். கணக்கு எனக்கு உடனே விளங்கியது. சுண்ணாம்பு போட்டால் வெறி இல்லை. வெறி இல்லாவிட்டால் அழுகை இல்லை. அழுகை இல்லாவிட்டால் கிளிநொச்சி இல்லை.

அவருடைய சுண்ணாம்புச் சிரட்டையிலிருந்து ஒரு தோடம்பழமளவு எடுத்தேன். மாமா தோட்டத்துக்கு இறைக்கப் போன நேரம் பார்த்து, சாடிக்குள் போட்டு அகப்பைக் காம்பால் கலக்கினேன். சாறு நாவல் நிறத்திலிருந்து மாறி, பச்சையும் கறுப்புமாக, பள்ளிக்கூட மைக்கூடு மாதிரி ஆகியது. மூடிவிட்டு வந்து கை கழுவினேன்.

மூன்றாம் நாள் மாமா கட்டிலின் கீழே தலையை நுழைத்தார். நானும் நுழைத்தேன். சாடிக்குள் ஒரு சத்தமும் இல்லை.

மாமா வெகுநேரம் காதை எடுக்கவில்லை. பிறகு மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தார். ஓரத்தில் வெள்ளை மிஞ்சியிருந்த என் விரல் நகங்களையும் பார்த்தார்.

"கதைக்குதே மாமா?" என்றேன். கைகளைப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

"ஓம் பிள்ளை" என்றார். "நல்லாக் கதைக்குது."

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு மாமா சாடியைத் திறந்தார். ஒரு மூக்குப்பேணி நிறையக் குடித்தார். முகம் கோணியது. இன்னொன்றும் குடித்தார். நான் கதவோரம் நின்று சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு வெறி வராது. பின்னேரம் எழும்பி முகம் கழுவித் தோட்டத்துக்குப் போவார். அப்பாவுக்குச் சொல்ல ஒன்றுமிருக்காது.

அவர் அழத் தொடங்கினார்.

முந்திய அழுகைகள் அதற்குப் பக்கத்தில் நிற்காது. "என்னைத் தனிய விட்டிட்டுப் போட்டியே" என்று தலையைச் சுவரில் மோதி அழுதார். பிள்ளைக்கு வைக்க நினைத்திருந்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அந்தப் பெயர் எங்கள் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரர் கிணற்றில் துலாவை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

அப்பா வந்து வாசலில் நின்றார். மாமா எழுந்து சால்வையால் முகத்தைத் துடைத்தார். கால் தடுமாறவில்லை, நாக்குக் குழறவில்லை.

"வெறியிலை கத்திப்போட்டன் அத்தான். குறை நினையாதேங்கோ" என்றார்.

"நாளைக்குக் காலமை பஸ்" என்றார் அப்பா.

நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் சுண்ணாம்புக்கு அடி விழும். மேலும், வெறி வந்துவிட்டது என்று பெரியவர்களே சொல்கிறார்கள், மாமாவே ஒத்துக்கொள்கிறார். அப்படியென்றால் என் சுண்ணாம்பு வேலை செய்யவில்லை.

மாமா கிளிநொச்சியிலேயே இருந்துவிட்டார். காடு வெட்டினார், நெல் விதைத்தார், வேறு கலியாணம் கட்டவில்லை. அங்கே அவர் குடித்ததாக யாரும் சொன்னதில்லை. ஆனாலும் எங்கள் சொந்தத்தில் இன்றைக்கும் அவர் குடியால் கெட்டவர்தான். அம்மா அப்படி நினைத்துக்கொண்டே கண்ணை மூடினா. நானும் திருத்தவில்லை. எத்தனையோ ஆயிரம் மாதிரிகளுக்கு அறிக்கை எழுதிக் கோப்பில் இணைத்திருக்கிறேன். அந்தச் சாடிக்கு எழுதியிருந்தால் ஒரே வரிதான்: மதுசாரம், இல்லை. எழுதுவதற்கு எனக்கு அறிவு வந்தபோது கேட்பதற்கு ஆள் இல்லை.

புறப்பட்ட காலை, வாசல் படலையடியில் மாமா பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து என் காதோடு சொன்னார்: "சுண்ணாம்பைக் கொஞ்சம் குறைச்சுப் போட்டிருக்கலாம் பிள்ளை. வாயெல்லாம் வெந்துபோச்சு."

நான் தலையாட்டினேன். பஸ் போன பிறகும் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் வேகுமளவுக்குப் போட்டும் அழுகை நிற்கவில்லையே. அடுத்த முறை இன்னும் கூடப் போடவேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.