குங்குமம் கரைத்த கம்ப்யூட்டர்

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் கல்யாண வீடியோ எடிட்டிங் கடை வைத்திருக்கிறேன். எதிர்க்கடை சேகருக்கும் அதே தொழில்தான். கம்ப்யூட்டரைக் குளிர்விக்கக் கண்ணாடிக் குழாய்களில் நீலத் தண்ணீரை ஓடவிட்டு, கடை முகப்பில் வைத்தான். பௌர்ணமிக் கூட்டம் அங்கேயே நின்றது. எனக்கு வயிறு எரிந்தது.

நானும் ஒன்று பொருத்தினேன். அவனுடையதைத் தூக்கி அடிக்க வேண்டுமென்று தண்ணீரில் குங்குமத்தைக் கரைத்து ஊற்றினேன். சிவப்பு ஜொலித்தது. கொஞ்ச நாளிலேயே, மறுநாள் வரவேற்பில் காட்டவேண்டிய வீடியோ பாதியில் இருக்கும்போது, பிராசஸர் கொதித்துக் கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. சூட்டைக் கடத்த பிராசஸர் மேல் தடவும் தெர்மல் பேஸ்டை மாற்றினேன், ஃபேன் மாற்றினேன், சூடு இறங்கவில்லை. கடைசியில் பிராசஸர் மேலிருந்த செம்பு பிளாக்கைக் கழற்றினால், தண்ணீர் ஓடும் நுண்ணிய பள்ளங்களெல்லாம் குங்குமச் சேறு.

வேறு வழியில்லாமல் சேகரிடம் போனேன். "உன் நீல சிஸ்டத்துல இந்த வீடியோவை முடிச்சிக்கறேன்பா."

"அது சும்மா ஷோவுக்குண்ணே. வேலைக்கெல்லாம் உள்ள இருக்கற சாதா ஃபேன் சிஸ்டம்தான். வாங்க" என்றான்.

இப்போது என் கம்ப்யூட்டரில் நிறமில்லாத டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான், சூடு ஏறுவதில்லை. பௌர்ணமியன்று மட்டும் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுகிறேன். ஒரு வேலையும் செய்யாத அந்த நீலத் தண்ணீர் முன்னால் இன்னும் கூட்டம் நிற்கிறது.