கறை பிடிக்காத கல்

மணிமேகலையின் வேலையைக் கேட்டால் சிரிப்பீர்கள். வெள்ளைக் கல் பலகை ஒன்றின் மேல் மஞ்சள் தண்ணீர் ஒரு சொட்டு, புளிக்கரைசல் ஒரு சொட்டு, எலுமிச்சைச் சாறு, காபி டிகாக்‌ஷன், கக்கூஸ் கழுவும் ஆசிட் என்று வரிசையாகச் சொட்டு வைத்து, கண்ணாடியால் மூடி, மறுநாள் வந்து துடைத்துப் பார்க்க வேண்டும். கறை இல்லையென்றால் கல் பாஸ். எம்.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு இதைத்தான் செய்கிறாள். "அடுப்பங்கரைக் கூத்தையெல்லாம் சம்பளம் வாங்கிக்கினு பண்றே, போ" என்று மாமனாரே ஒருமுறை சொல்லிவிட்டார். அவளுக்கும் சிரிப்புதான் வந்தது.

ஓசூரில் தொழிற்பேட்டையை ஒட்டினாற்போல் இருக்கிறது அந்தக் கம்பெனி. குவார்ட்ஸ் கல்லை மாவாக அரைத்து, கொஞ்சம் பிசின் கலந்து, அழுத்திச் சுட்டுப் பலகையாக்குவார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் குவார்ட்ஸ்தான். பெங்களூரில் முளைக்கிற அடுக்குமாடிகளுக்கெல்லாம் சமையல் மேடை இந்தக் கல்லில்தான். எதைக் கொட்டினாலும் துடைத்தால் போய்விடும் என்று விளம்பரத்தில் ஒரு அம்மணி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பாளே, அதே கல்.

அந்தக் கல்லின் மேல் மணிமேகலைக்கு ஒரு பித்தே இருந்தது. படிக்கிற நாளிலேயே படிகங்கள் என்றால் அவளுக்கு உயிர். உப்பும் படிகம்தான், ஆனால் அதில் அணுக்கள் ஒன்றையொன்று காந்தம்போல் இழுத்துக்கொண்டு அடுக்கி நிற்கின்றன, அவ்வளவுதான். தண்ணீர் நடுவில் புகுந்தால் ஆளுக்கொரு பக்கம் போய்விடும். மைக்காவில் தாள் தாளாக அடுக்கு, நகத்தால் உரித்தாலே வரும். குவார்ட்ஸ் அப்படியில்லை. சிலிக்கானுக்கு நாலு கை, ஆக்சிஜனுக்கு இரண்டு கை. ஒவ்வொரு சிலிக்கானும் நாலு ஆக்சிஜனைப் பிடித்திருக்கும், ஒவ்வொரு ஆக்சிஜனும் இரண்டு சிலிக்கானைப் பிடித்திருக்கும். மேலும் கீழும் பக்கவாட்டிலும் இப்படியே போய்க்கொண்டிருக்கும். கல்லின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் ஒரே பிடி. எவன் கையும் சும்மா இல்லை. புளி வந்தால் என்ன, எலுமிச்சை வந்தால் என்ன, உள்ளே புக இடம் ஏது?

அவள் பாஸ் செய்கிற கல்லை அவள் புருஷன் அறுத்தான். மாதேஷுக்குப் பாகலூர். மீசை முளைக்கும் முன்பே கிரானைட் பட்டறைக்குப் போனவன். பிறகு பாகலூர் சாலையிலேயே சொந்தப் பட்டறை போட்டான். தமிழில் பேரம் பேசி, தெலுங்கில் வேலை வாங்கி, கன்னடத்தில் திட்டுகிற ஆள். "எம் பொண்டாட்டி சீல் குத்துனா நான் அறுப்பேன், எங்க வூட்டைத் தாண்டித்தான் பெங்களூர்க்காரன் சோறாக்கணும்" என்று பீற்றிக்கொள்வான். பீற்றிக்கொள்ளட்டும், அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு கம்மி என்று அப்போது யாருக்குத் தெரியும்.

கிரானைட் அறுத்தவரைக்கும் ரப்பர் குழாயில் தண்ணீர் விட்டு அறுத்தான். தூசி சேறாகிக் கீழே ஓடிவிடும். கிரானைட்டில் குவார்ட்ஸும் ஒரு கால்வாசி, அதிகம் போனால் மூன்றிலொரு பங்குதான். இந்தப் புதுக் கல் வந்த பிறகு அறுப்பது, ஓரம் தேய்ப்பது, சிங்க் தொட்டிக்கு ஓட்டை போடுவது எல்லாம் கட்டி முடித்த வீட்டுக்குள்ளேயே என்று ஆனது. பால்கனியில் மிஷினை வைத்தால் சூப்பர்வைசர் ஓடி வருவான். "நீரு பேடா, கீழ் வூட்டுக்காரன் கத்தறான்" என்பான். தண்ணீர் இல்லாமலே அறுத்தார்கள். வாயில் ஒரு கைக்குட்டை, அதுதான் பாதுகாப்பு. சாயங்காலம் மாதேஷும் அவன் ஆட்களும் மாவு மில்லில் உருண்டு எழுந்தவர்கள் மாதிரி வெள்ளையாக நிற்பார்கள்.

அதற்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தார்கள். கல் அறுக்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். வேலை முடிந்ததும் ஒரு கட்டி வெல்லம், இரண்டு வாழைப்பழம். வெல்லம் தூசியைக் கரைத்து இறக்கிவிடுமாம், பழம் வெளியே தள்ளிவிடுமாம். சோறு போகிற குழாய் வேறு, மூச்சு போகிற குழாய் வேறு என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எம்.எஸ்சி. படித்த மணிமேகலைக்குத் தெரியாதா? ஆனாலும் அவள்தான் தினமும் டிபன் பாக்ஸில் வெல்லத்தைக் கட்டிக் கொடுத்தாள். எல்லா வீட்டிலும் கொடுக்கிறார்கள், அவளும் கொடுத்தாள். படிப்பு ஆபீஸில் இருந்தது, வழக்கம் வீட்டில் இருந்தது. இரண்டும் ஒருநாளும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை.

மாதேஷுக்கு இருமல் வந்தது. டிபி என்று மாத்திரை கொடுத்தார்கள். கோர்ஸ் முழுக்க முழுங்கியும் இருமல் நிற்கவில்லை, ஆள்தான் பாதியானான். இதற்கிடையில் அவனோடு அறுத்துக்கொண்டிருந்த வெங்கட் செத்துப்போனான். அவனுக்கும் டிபி என்றுதான் சொல்லியிருந்தார்கள். அப்புறம்தான் மணிமேகலை புருஷனைப் பெங்களூருக்கு இழுத்துக்கொண்டு போய் ஸ்கேன் எடுத்தாள்.

அங்கே பார்த்த டாக்டர் நல்லவர்தான், பூசி மெழுகவில்லை. "கல்லுத் தூசி. உள்ளே போனது போனதுதான், மருந்து கிடையாது. இனிமேல் கல் பக்கமே போகக்கூடாது" என்றார். மாதேஷ் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனதும் அவளிடம் மட்டும் இன்னொன்றும் சொன்னார். நிறுத்தினாலும் இது சில பேருக்கு உள்ளேயே வளரும், நிறுத்தாவிட்டால் சீக்கிரம் வளரும். அதை அவள் புருஷனிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் எங்கே வரும்?

பட்டறையைப் பூட்டினான். கட்டிலில் படுத்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்க்க ஆரம்பித்தான். அந்த நாட்கள் நரகம். கல்லூரியிலிருந்து வந்த மகள் அனிதாவிடம் எரிந்து விழுந்தான், ஃபேன் சத்தம்கூட ஆகவில்லை அவனுக்கு. அந்தச் சமயம் பார்த்துத்தான் யாரோ நாராயணப்பன் பேரைச் சொன்னார்கள். ஆந்திர எல்லைப் பக்கத்து வைத்தியர். கிட்னிக் கல்லைக் கரைப்பதில் பேர் போனவர். "கிட்னில இருக்கற கல்லு வாழைத்தண்டுச் சாத்துல போவுதுன்னு ஊரே சொல்லுது, நெஞ்சுல இருக்கற கல்லு மட்டும் இன்னா ஒஸ்தியா?" என்று மாதேஷ் எழுந்து உட்கார்ந்துவிட்டான். முழுகுகிறவனுக்குத் துரும்பும் தெப்பம். மணிமேகலையும் கூடப் போனாள்.

நாராயணப்பன் பச்சையாக ஒரு சாறு வைத்திருந்தார். எலுமிச்சை நெடி மூக்கைத் துளைத்தது. மேஜை டிராயரைத் திறந்து ஒரு வெள்ளைக் கல்லை எடுத்தார், கத்தியால் சுரண்டினார், தூளைச் சாற்றில் போட்டார். புஸ்ஸென்று நுரை பொங்கிற்று. நுரை அடங்கியபோது டம்ளரில் தூள் இல்லை.

"பயம் லேதும்மா. கல்லைக் கரைச்சிட்டேன், பாத்தியா? தூளைக் கரைக்கிறது எனக்கு ஒரு வேலையா?" என்றார்.

கத்தியால் சுரண்ட வந்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது சுண்ணாம்புக்கல். அதில் கால்சியம் ஒரு பக்கம், கார்பனேட் ஒரு பக்கம், புளிப்பு எது பட்டாலும் கார்பனேட் குலைந்து வாயுவாகிப் போய்விடும். அந்தச் சுண்ணாம்புக்கல்லுக்கும் மாதேஷின் நெஞ்சில் இருப்பதற்கும் வெள்ளை நிறத்தைத் தவிர வேறு உறவே கிடையாது. 'அட பாவி மனுஷா, குவார்ட்ஸைக் கத்தியால் சுரண்டிக் காட்டு, பார்க்கலாம்' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத் திரும்பினால், மாதேஷ் சிரித்துக்கொண்டிருந்தான். எத்தனையோ மாதமாகக் காணாத சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வேறு. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

சாறு வேலை செய்தது என்றே மாதேஷ் சொன்னான். மூச்சு லேசாகிவிட்டதாம். மாடிப்படி ஏறிக் காட்டினான், ஏறிவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு சிரித்தான். மறுபடி மிஷினைத் தூக்கிவிடுவானோ என்று அவளுக்குச் சந்தேகம் தட்டியது. சந்தேகம் சரியாகப் போயிற்று. ஒருநாள் அவள் வேலை முடிந்து வரும்போது அவன் போனில் பேசிக்கொண்டிருந்தான். சர்ஜாபூர் பக்கம் புது அடுக்குமாடி, அதில் இரண்டு மாடிக்குச் சமையல் மேடை முழுக்க இவனுடையதாம்.

"டாக்டர் இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள்.

"டாக்டர் மருந்தே இல்லன்னாரு. இவரு மருந்து குடுத்தாரு. உள்ள போறது போவட்டும், சாறு குடிச்சாக் கரைஞ்சிடப் போவுது. நீ ஏன் மூஞ்சியைத் தூக்கிக்கினு நிக்கறே?"

இனிச் சும்மா இருக்க முடியாது. ஆனால் வெறும் வாயால் சொன்னால் கேட்கிற ஆளா அவன்? பூட்டிக் கிடந்த பட்டறையைத் திறந்து, மிஷின் இடுக்கில் படிந்திருந்த தூசியைச் சுரண்டி எடுத்தாள். சாற்றில் கொஞ்சம் ஒரு பாட்டிலில் ஊற்றிக்கொண்டாள். லேபில் மஞ்சளுக்கும் புளிக்கும் பக்கத்தில் அதையும் மூடி வைத்தாள். தூசியிலிருந்த பிசினை முதலிலேயே எரித்து எடுத்துவிட்டு, எடை போட்டுத்தான் ஊறவைத்திருந்தாள். ஒரு வாரம் கழித்து வடிகட்டி, உலர்த்தி, திரும்ப எடை போட்டாள். தராசு அதே எடையைக் காட்டியது. எதற்கும் அசையாத கல் என்று தினம் தினம் பெருமைப்பட்டுக் கையெழுத்துப் போட்டவள், அன்றைக்கு அந்த ஒரு சிட்டிகை கரைந்திருக்கக் கூடாதா என்று தராசின் முன்னால் நின்று அழுதாள். அதைக் கரைக்கிற ஆசிட் ஒன்று லேபிலேயே இருக்கிறது, மண்டையோடு படம் ஒட்டின பாட்டிலில். அது மனுஷனைத் தின்றுவிட்டுத்தான் கல்லுக்குப் போகும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அனிதா தோழி வீட்டுக்குப் போயிருந்த நேரம், அவனை உட்கார வைத்துச் சொன்னாள். டம்ளரில் சாற்றை ஊற்றி, சுண்ணாம்புக்கல் தூளைப் போட்டாள். பொங்கிற்று. இன்னொரு டம்ளரில் பட்டறைத் தூசி. அது நேராகப் போய் அடியில் உட்கார்ந்துகொண்டது. அவன் டம்ளரைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.

"ஏன் இது மட்டும் கரையல?"

அவள் கையைப் பிடித்துக் காட்டிச் சொன்னாள். நாலு கை, இரண்டு கை, எல்லாக் கையும் பிடித்த கை. "நீங்க அறுக்கறப்போ அந்தப் பிடி பிச்சிக்கினு வருது. அப்பத்தான் உடைஞ்ச தூசியில பாதிக் கைங்க பிடி இல்லாம நீட்டிக்கினு நிக்கும். அது போய் நெஞ்சுல சதையைப் பிடிக்குது. ஒடம்பு அதைத் தின்னப் பாக்குது, தின்ன முடியாம அதுவே சாவுது. அந்த இடம்லாம் தழும்பாப் போவுது."

மாதேஷ் நன்றாகக் கேட்டான். படிக்காதவன் என்றாலும் கல் தெரிந்தவன். கிரானைட் எந்தப் பக்கம் பிளக்கும், எந்தப் பக்கம் முரண்டு பிடிக்கும் என்று கையால் அறிந்தவன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். புரிந்துவிட்டது, இனி மிஷினைத் தொடமாட்டான் என்று மணிமேகலைக்கு நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது.

"அப்போ எதுலயும் கரையாது" என்றான்.

"கரையாது."

"எத்தினி வருசம் ஆனாலும்?"

"ஆனாலும்தாங்க. அதான் சொல்றேன், புதுசா ஒரு பொட்டுகூடப் போவக்கூடாது. நிறுத்திடுங்க."

"நிறுத்துனா இது இப்படியே நின்னுடுமா?"

நின்றுவிடும் என்று ஒரு வார்த்தை. அதை உடனே சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணுகிற ஊரில் ஒரு பொய்யில் என்ன குடி முழுகிவிடும்? ஆனால் இவ்வளவு நேரம் உள்ளது உள்ளபடி சொல்லிக்கொண்டு வந்த வாய், சட்டென்று திரும்பவில்லை. அவள் யோசித்தாள். யோசித்தது ஒரு மூச்சு நேரம்தான் இருக்கும். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நின்னுடும்" என்றாள் அப்புறம்.

"சரி வுடு" என்றான் மாதேஷ். கோபமில்லை, சத்தமில்லை. "தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் சாண் இன்னா, முழம் இன்னா? வூட்ல படுத்து மோட்டைப் பாத்துக்கினு போறதுக்கு, நாலு வூட்டுல சமையல் மேடையாவது போட்டுட்டுப் போறேன்."

அவள் அழுதாள், கையைப் பிடித்தாள், அனிதாமேல் சத்தியம் கேட்டாள். மாஸ்க் வாங்கித் தருகிறேன், தண்ணீர் விட்டாவது அறுங்கள் என்றாள். "தண்ணிக்கு எவன் வுடறான்?" என்று சொல்லிவிட்டு, இரண்டு டம்ளரையும் கொண்டுபோய் அவனே முற்றத்தில் கொட்டினான். மீதி இருந்த சாற்றையும் கொட்டினான். அந்தச் சாற்றை நம்பிக்கொண்டு இருந்திருந்தால்கூட இவன் கொஞ்சம் சிரித்துக்கொண்டு இருந்திருப்பானே, அதையும் பிடுங்கிவிட்டோமே என்று மணிமேகலைக்குத் தன் படிப்பின் மேலேயே காறித் துப்பத் தோன்றியது.

மறுநாள் காலை பட்டறைக்கு முன்னால் வண்டியை நிறுத்தினான். ஆட்கள் அத்திப்பள்ளியில் ஏறிக்கொள்வார்களாம். ஸ்டாண்டோடு சேர்ந்த பெரிய கட்டிங் மிஷினை அவன் ஒற்றையாளாகத் தூக்கி ஏற்றுவதை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அன்றைக்கும் குனிந்து பிடித்தான். முழங்கால் உயரம் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. இறக்கி வைத்துவிட்டு, மிஷின் மேலேயே கையை ஊன்றிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினான். திரும்பவும் குனிந்தான். அவளைக் கூப்பிடவில்லை, அவள் பக்கம் பார்க்கவும் இல்லை.

அவன் மூன்றாவது முறை குனிந்தபோது மணிமேகலை போய் மறுபக்கம் பிடித்தாள். இருவருமாகத் தூக்கி மிஷினை வண்டியில் வைத்தார்கள்.